மழையில நனைஞ்ச கான்சர்ட்டு: குடும்பத்தோட போனது சரியா? வேலூர்க்காரங்க பேசுங்க

பாலாற்றங்கரை – ஞாயிறு காலை

நேத்து காட்பாடிப் பக்கம் திறந்தவெளியில நடந்த கான்சர்ட்டுக்கு எங்க வீடு, நண்பன் வீடு, கூட தம்பியோட காலேஜ் பசங்கன்னு ஒரு கும்பலா போயிருந்தோம். மூணாவது பாட்டுல மழை பிடிச்சிக்கிச்சி. ராத்திரியில இருந்து வீட்டு வாட்ஸாப் குழுவுல அதே பேச்சுதான். "வயசான அம்மாவ கூட்டினு போய் நனைய வெச்சிட்டியே"ன்னு பெரியப்பா. "புள்ளைக்கு ஜுரம் வந்தா யார் பாக்கறது"ன்னு அத்தை. போனதும் சரி, மழையில நின்னதும் சரின்னுதான் நான் சொல்றேன். ஆனா அங்க ஒண்ணு சரியில்லாம நடந்துச்சி. அதப் பேசத்தான் இந்த இழை.

மத்தியானம் வரைக்கும் நம்மூர் வெயில்தான், தரையில கால் வைக்க முடியல. மேற்கால ஜவ்வாது மலைப் பக்கம் கருத்துகினு வந்தத எல்லாரும் பாத்தோம். செப்டம்பர்ல பகல் இப்படிக் காய்ஞ்சா பொழுது சாய்ஞ்சதும் இடிக்கும்னு இந்த ஊர்ல பொறந்தவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம். ஏழு மணிக்கு பாட்டு ஆரம்பிச்சிது. முதல்ல பெரிய பெரிய துளியா விழுந்துச்சி, பல்லவி முடியறதுக்குள்ள கொட்டிடுச்சி. செம்மண் வாசனை மைதானம் பூரா ஏறுச்சி. மேடை விளக்கு மழைத் தாரையில பட்டு மேல இருந்து கீழ வரைக்கும் செவப்பு, நீலம், மஞ்சள்னு கோடு கோடா தெரிஞ்சிது. பாடகர் கூரைய விட்டு வெளிய, நனையற எடத்துக்கே வந்து நின்னு பாடினார். அப்ப எழுந்த சத்தம் இன்னும் காதுல கீது.

எம் பொண்ணு ஒம்போதாவது படிக்கிறா. அவளும் தம்பி நண்பர்களும் கை கோத்துகினு குதிச்சாங்க. எங்கம்மா, அதான் அவளோட ஆயா, முந்தானைய தலையில போட்டுகினு நாற்காலியிலயே உக்காந்திருந்தாங்க. அவங்க வயசு காலத்துப் பாட்டு ஒண்ணு வந்ததும் எழுந்து நின்னுட்டாங்க. எங்கம்மா வாய் விட்டுப் பாடி நான் கேட்டது அதான் முதல் தடவ.

அப்பறம் திடீர்னு மேடை இருட்டாயிடுச்சி. பாட்டு நின்னுது. மைக்ல யாரும் ஒரு வார்த்தை பேசல. முடிஞ்சுதா, தொடருமா, கரண்ட்டு போச்சா, யாருக்காவது அடி பட்டுச்சா, ஒண்ணும் தெரியல. பாதி சனம் வாசல் பக்கம் தள்ளுது, பாதி சனம் மேடைப் பக்கம் தள்ளுது. நடுவுல நாங்க. எனக்கு பயம் வந்தது அங்கதான், மழையில இல்ல. ரொம்ப நேரம் கழிச்சி திரும்ப விளக்கு வந்து பாட்டு ஆரம்பிச்சிது. அதுக்குள்ள நண்பன் வீட்டுல பாதிப் பேர் வெளிய போயிட்டாங்க, அவங்கள திரும்ப உள்ள விடல.

மழையில கச்சேரி நடத்தலாமா? நடத்தினா எப்படி நடத்தணும்? பெரியவங்க, புள்ளைங்களோட போறவங்க என்னென்ன பாக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சத்துவாச்சாரி அக்கா

தம்பி, நானும் அங்கதான் இருந்தேன். முதல் இடி கேட்டதும் ரெண்டு பசங்களையும் மாமியாரையும் கூட்டினு கிளம்பிட்டேன். மழை பெய்யுதேன்னு கிளம்பல. நனைஞ்சா துடைச்சிக்கலாம். திறந்த மைதானத்துல, இரும்புத் தூண் நட்ட மேடை பக்கத்துல, மின்னல் வெட்டும்போது நிக்க எனக்கு மனசு வரல. நம்ம நாட்டுல வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல மின்னல் தாக்கியே சாகறாங்க.

எல்லாரும் தெரிஞ்சிக்க வேண்டிய கணக்கு ஒண்ணு சொல்றேன். மின்னல் பளிச்சுன்னதும் எண்ண ஆரம்பிக்கணும், இடி கேட்டதும் நிறுத்தணும். மூணு விநாடி போனா ஒரு கிலோமீட்டர். 30 எண்ணறதுக்குள்ள இடி கேட்டா மின்னல் பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்குது, உடனே கெட்டியான கட்டடத்துக்குள்ளயோ கதவ சாத்தின காருக்குள்ளயோ போயிடணும். கடைசியா கேட்ட இடிக்கு அப்பறம் 30 நிமிஷம் கழிச்சிதான் வெளிய வரணும். மரத்தடியும் துணிப் பந்தலும் ஒதுங்கற எடம் கெடையாது. என் சின்னவன்தான் எண்ணினான். பன்னெண்டுல இடி கேட்டுச்சி. அப்படின்னா நாலு கிலோமீட்டர். கிளம்பிட்டோம்.

வெளிய வரதுதான் பெரும்பாடு. ரெண்டு வாசல்ல ஒண்ணு பூட்டி வெச்சிருந்தாங்க. அந்த நேரத்துல எங்கள மாதிரி கொஞ்சம் பேர்தான் கிளம்பினோம். எல்லாரும் ஒண்ணா கிளம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயித்த கலக்குது. உங்க பெரியப்பா சொன்னதுல நியாயம் இருக்குது தம்பி.

மேடைத்தபலா

நான் ஆர்கெஸ்ட்ராவுல தபலாவும், பேடுன்னு சொல்ற எலக்ட்ரானிக் டிரம்மும் வாசிக்கிறவன். ஆடி மாசம் அம்மன் கோயில் கச்சேரி, கல்யாணம், பொருட்காட்சின்னு குடியாத்தத்துல இருந்து அரக்கோணம் வரைக்கும் போகாத ஊரில்ல. மேடைக்கு மேல என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

சாரலுக்கு முதல்ல அடி படறது தோல் வாத்தியம். ஈரம் ஏறுனா தோல் தளர்ந்துடும், சுதி எறங்கிடும். சுத்தியால தட்டித் தட்டி ஏத்தினாலும் ரெண்டு பாட்டுக்கு மேல நிக்காது. அதனால மழைன்னா தபலாவ மூடி வெச்சிட்டு பேடுக்கு மாறிடுவோம். கீபோர்டுக்கு பிளாஸ்டிக் கவர் எப்பவும் கையில இருக்கும். சனத்துக்கு நடுவுல ஒரு பந்தல் போட்டு சவுண்டு மிக்சர் வெச்சிருப்பாங்களே, முதல் தார்ப்பாய் அங்கதான் போகும். அது போனா கச்சேரியே போச்சி.

ஆனா நாங்க பயப்படறது மழைய விட காத்துக்குத்தான். பின்னாடி நிக்கிற எல்இடி திரை பாய்மரம் மாதிரி காத்த வாங்கும். மேல தொங்கற ஸ்பீக்கர் வரிசை ஆட ஆரம்பிக்கும். 2011 ஆகஸ்ட் 13-ல அமெரிக்காவுல இண்டியானா மாநிலப் பொருட்காட்சியில, சுகர்லேண்ட் குழு மேடை ஏறக் காத்துகினு இருந்தப்ப புயல் காத்துல மேடைக் கூரை அப்படியே சரிஞ்சி 7 பேர் செத்தாங்க. அஞ்சு நாள் கழிச்சி பெல்ஜியம் நாட்டுல புக்கல்பாப் விழாவுல அதே மாதிரி புயல், 5 பேர் போயிட்டாங்க. மேடை வேல பாக்கறவங்க அத மறக்கல. காத்து ஏறுனா ஸ்பீக்கரையும் திரையையும் எறக்கு, மெயின நிறுத்துன்னு சொல்லிடுவாங்க. நேத்து இருட்டானதும் அதனாலதான் இருக்கும்னு நினைக்கிறேன். விளக்க அணைச்சது சரியான வேல. அதோட மைக்கையும் சேத்து அணைச்சாங்களே, அத என்னால ஏத்துக்க முடியல. பேட்டரியில ஓடற சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு ஒவ்வொரு மேடையிலயும் தனியா இருக்கணும். அது பெரிய செலவில்ல.

1983 ஜூலை 21-ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்குல டயானா ராஸ் பாடினப்ப பேய் மழை. லட்சக்கணக்குல சனம். அந்தம்மா நனைஞ்சிகினே மேடையில நின்னு, மெதுவா, ஒருத்தர ஒருத்தர் தள்ளாம வீட்டுக்குப் போங்க, நாளைக்கி வந்து பாடறேன்னு சொல்லி அனுப்பினாங்க. சொன்ன மாதிரியே மறுநாள் வந்து பாடினாங்க. பாடறவங்க வாயால ஒரு வார்த்தை வந்தா சனம் கேக்கும். போலீஸ் சொல்றதுக்கு முன்னாடி கேக்கும்.

ஆற்காடு வயர்மேன்

தபலா அண்ணா சொன்னதோட கொஞ்சம் சேக்கறேன். பெரிய கம்பெனிக்காரங்க போடற மேடையில ஜெனரேட்டருக்குத் தனி எர்த், 30 மில்லிஆம்பியர் ஒழுகலுக்கே டிரிப் ஆகற ஆர்சிசிபின்னு ஒரு பாதுகாப்பு சுவிட்சு, தண்ணி புகாத பிளக்கு எல்லாம் இருக்கும். ஒழுகல் வந்தா கண் மூடித் திறக்கறதுக்குள்ள கட் ஆயிடும். நான் பயப்படறது மேடைக்கு இல்ல, சுத்தி இருக்கற பஜ்ஜிக்கடை, ஜூஸ்கடை, சீரியல் லைட்டுக்கு. ஒரே ஒயர்ல நாலு எடத்துல ஜாயிண்ட்டு போட்டு டேப் சுத்தி சேத்துல போட்டிருப்பாங்க. எர்த் கிடையாது. அந்த ஒயர் போற தகரத்தையும் இரும்புக் கம்பியையும் நனைஞ்ச கையால பிடிக்காதீங்க. தடுப்புக் கம்பியில சீரியல் லைட்டு கட்டியிருந்தா அதுல புள்ளைங்கள சாய விடாதீங்க. ஒயர் மேல தண்ணி தேங்கின எடத்துல கால் வைக்காம சுத்திப் போங்க. யாராவது ஷாக்ல மாட்டினா தொட்டு இழுக்காதீங்க, முதல்ல சுவிட்ச நிறுத்தணும்.

திருவலம் வாத்தியார்

இழையை முதலிலிருந்து படித்தேன். தம்பி கேட்ட கேள்விக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடாற்காட்டில் திறந்தவெளியில் விடிய விடிய உட்கார்ந்து பாட்டு கேட்பது புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில் பாரதம் வைத்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கிழவிகள், கைக்குழந்தைகள், மாமன் மச்சான், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் என்று பாயும் போர்வையுமாக வந்து இறங்குவார்கள். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை, கூத்துக்குப் பேர் போன ஊர். 1989-ல் மாவட்டம் பிரியும்வரை அதுவும் வடாற்காடுதான். குடும்பத்தோடு போகலாமா என்ற கேள்வியே அன்று எழுந்ததில்லை. குடும்பத்தை விட்டுவிட்டு யாரும் போனதில்லை.

பாரதம் பெரும்பாலும் பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் நடக்கும். கடுங்கோடை. ஏரி காய்ந்து வெடித்திருக்கும். மகாபாரதத்தில் விராட பர்வம் படித்தால் மழை வரும் என்பது இங்கே பரம்பரை நம்பிக்கை. மழைக்காகவே விராட பர்வக் கூத்து விடச் சொல்லும் ஊர்கள் உண்டு. அப்படி ஒரு இரவு, நான் சிறுவன், எங்கள் தாத்தா மடியில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். மாடுபிடிச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது மழை இறங்கிவிட்டது. ஓட வேண்டிய ஜனம் ஓடவில்லை. எழுந்து நின்று குலவையிட்டார்கள். கேட்ட மழை வந்துவிட்டதே.

ஆனால் கூத்தாடிகளுக்கு அது பெரிய சோதனை. கிரீடமும் மார்புப் பதக்கமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில் ஒட்டியவை. நனைந்தால் ஒட்டு விட்டுப் போகும். அரிதாரம் கரைந்து கண்ணில் இறங்கும். முகவீணைக்காரர் தம் வாத்தியத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். மிருதங்கத்தின்மேல் யாரோ கம்பளியைப் போட்டார்கள். வேஷக்காரர்கள் எல்லோரும் பந்தலுக்குள் போய்விட்டார்கள். வேஷங்களை அறிமுகம் செய்து, இடையிடையே வேடிக்கையாகப் பேசிக் கூத்தை நடத்தும் கட்டியங்காரன் மட்டும் போகவில்லை. நனைந்துகொண்டே சபையில் நின்று பேசினான். ராஜா எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார், கிழவிகள் எந்தத் திண்ணைக்குப் போகலாம், பிள்ளைகளை யார் தூக்க வேண்டும், எல்லாம் பாட்டும் பேச்சுமாக அவன் வாயிலிருந்து வந்தது. ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டே இடம் மாறியது. ஒருவரும் ஒருவரையும் தள்ளவில்லை. மழை விட்டதும் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். விட்ட அடியிலிருந்து கூத்து தொடர்ந்தது.

உங்கள் கான்சர்ட்டில் விளக்கு இருந்தது, திரை இருந்தது, ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்றிருந்தது. கட்டியங்காரன் இல்லை. அதுதான் குறை என்று நான் நினைக்கிறேன்.

பாலாற்றங்கரை

ஐயா, நான் சொல்லத் தெரியாம இருந்தத நீங்க சொல்லிட்டீங்க. பேசறதுக்கு ஆள் இல்லாமப் போனதுதான் நேத்து எங்களுக்கு பயம்.

அம்மாகிட்ட உங்க பதிவ படிச்சிக் காட்டினேன். அவங்க பொறந்த ஊர் கலவைப் பக்கம். "படுகளத்தன்னிக்கி நனைஞ்சிருக்கோம், அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது நனைஞ்சிருக்கோம், இப்ப மட்டும் என்ன"ன்னு சொன்னாங்க. பெரியப்பாவுக்கு அவங்களே வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டாங்க. நல்லாதான் இருக்காங்க, ஜுரம் ஒண்ணும் இல்ல.

ஹாஸ்டல் மொட்டைமாடி

நான் இங்க படிக்க வந்தவ, ஊர் திருநெல்வேலி. நேத்து நாங்க ஒரு ரூம் பொண்ணுங்க எல்லாம் போயிருந்தோம். வேலூர்க்காரங்க மழைய எப்படிக் கொண்டாடுறாங்கன்னு நேத்துதான் பார்த்தேன். "தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை"ன்னு நீங்களே உங்க ஊரப் பத்திச் சொல்லுவீங்கல்ல, மே மாசம் முழுக்க நாப்பது டிகிரியில வெந்தவங்களுக்குத்தான் அந்த மழையோட அருமை தெரியும். பக்கத்துல நின்ன ஒரு அம்மா எங்களுக்குத் தார்ப்பாய்ல பாதி குடுத்தாங்க. ஒரு தாத்தா அவரோட துண்ட எடுத்து எங்க ஃபோன எல்லாம் சுத்தி அவர் பையில வெச்சிக்கிட்டாரு. முன்பின் தெரியாதவங்க. வீட்ட விட்டு வந்து அப்படி ஒரு சாயங்காலம் எனக்குக் கிடைச்சதே இல்ல. அதனால மழை வந்தா கச்சேரியையே ரத்து பண்ணணும்னு யாராவது சொன்னா எனக்கு வலிக்கும்.

வெளிநாட்டுல இத எப்படிக் கையாளுறாங்கன்னும் பாருங்க. 2007 பிப்ரவரி 4, மயாமியில சூப்பர் பௌல்னு சொல்ற அமெரிக்க ஃபுட்பால் இறுதிப் போட்டி இடைவேளையில பாடகர் பிரின்ஸ் கொட்டுற மழையிலதான் வாசிச்சாரு. அங்க மழை, ஆனா நிறுத்தல. 2023 மே 7, நாஷ்வில்ல டெய்லர் ஸ்விஃப்ட் ஷோ. அங்க மின்னல், அதனால நிறுத்திட்டாங்க. எல்லாரையும் ஸ்டேடியத்துக்குள்ள கூரை இருக்கற பக்கம் போகச் சொல்லி, மணிக்கணக்கா காத்திருந்து, ராத்திரி பத்துக்கு மேல ஆரம்பிச்சி ஒன்றரை மணி தாண்டி முடிச்சாங்க. அதே வருஷம் ஆகஸ்ட் 6, வாஷிங்டன் பக்கத்துல பியான்சே ஷோ மின்னலால தள்ளிப் போச்சு. ஜனம் வீடு போய்ச் சேர மெட்ரோ ரயில் கூடுதலா ஒரு மணி நேரம் ஓட, சுற்றுப்பயணக் குழுவே 1,00,000 டாலர் குடுத்தாங்க. சத்துவாச்சாரி அக்கா, நீங்க கிளம்புனது தப்புன்னு நான் சொல்லல. உங்கள மாதிரி கிளம்புறவங்களுக்கு ஒதுங்க ஒரு இடமும், திரும்பி வர ஒரு வழியும் ஏன் இல்லன்னுதான் கேக்கறேன்.

சத்துவாச்சாரி அக்கா

கண்ணு, நீ கேக்கறது நல்ல கேள்வி. கையில முத்திரை குத்தி அனுப்பியிருந்தா மழை விட்டதும் பசங்கள திரும்பக் கூட்டினு வந்திருப்பேன். காரு நிறுத்தற எடத்துலயே ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம். பாட்டு திரும்ப கேட்டப்ப பெரியவன் அழுதுட்டான். ஆனா ஒண்ணு, நீ சொன்ன நாஷ்வில்ல கூரை போட்ட ஸ்டேடியம் நடை இருந்திச்சி. நம்ம மைதானத்துல என்ன இருக்குது? மொட்டைத் தரை. ஒதுங்க எடம் இல்லாத எடத்துல இந்த மாசத்துல இவ்ளோ பெரிய கூட்டத்த கூட்டவே கூடாதுன்னு நான் இன்னும் சொல்றேன்.

வாலாஜா வக்கீல்

நாஷ்வில் மாதிரி ராத்திரி ஒன்றரை வரைக்கும் இங்க முடியாது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி இரவு 10-ல இருந்து காலை 6 வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு வருஷத்துல 15 நாளுக்கு மேற்படாம 12 மணி வரைக்கும் தளர்த்தலாம். அவ்வளவுதான். அதனால ஏழு மணிக்கு ஆரம்பிக்கற கச்சேரி ஒரு மணி நேரம் மழையில நின்னா, அந்த ஒரு மணி நேரம் போனது போனதுதான். அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சா இடைவெளி கிடைக்கும். இத யோசிச்சி நேரம் வைக்கறவங்க குறைவு.

டிக்கெட் காசு பத்தி ரெண்டு பேர் தனியா கேட்டீங்க. டிக்கெட்டோட நிபந்தனையில மழை பத்தி என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படிங்க. ரத்து வேற, ஒத்திவைப்பு வேற, பாதியில நிறுத்தறது வேற. 2023-ல சென்னையில ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி ஆகஸ்ட் 12-ல நடக்க வேண்டியது, மழையால தள்ளிப் போய் செப்டம்பர் 10-ல பனையூர்ல நடந்துது. தள்ளி வெச்ச தேதிக்கும் அதே டிக்கெட் செல்லுபடியாச்சி. உள்ள போக முடியாம நெரிசல்ல மாட்டினவங்களுக்குப் பணம் திருப்பித் தரோம்னும் அப்பறம் அறிவிச்சாங்க. நீங்க டிக்கெட் வாங்கியிருந்தும் திரும்ப உள்ள விடாதது சேவைக் குறைபாடுன்னு நினைச்சா, முதல்ல நடத்தினவங்களுக்கு எழுத்துல கேளுங்க. பதில் இல்லன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம். குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா மனுக் கட்டணம் கிடையாது. டிக்கெட், வாசல்ல எடுத்த படம், நேரம் எல்லாத்தையும் பத்திரமா வெச்சிக்கோங்க.

ஆம்பூர் செவிலி

உடம்பு பத்தி நிறைய பயம் ஓடுது, அதனால எழுதறேன். நான் வார்டுல வேல பாக்கறவ.

மழையில நனைஞ்சதால மட்டும் சளி ஜுரம் வராது. சளி ஜுரம் வைரஸால வருது, கூட்டத்துல பக்கத்துல இருமுறவங்ககிட்ட இருந்து வருது. வயசானவங்களுக்கு மழைக் கச்சேரியில உண்மையான ஆபத்து வழுக்கி விழறது. சேத்துல கால் சறுக்கி இடுப்பெலும்பு உடைஞ்சி வரவங்கள நான் பாத்திருக்கேன், அதுக்கப்பறம் அவங்க நடமாட்டமே மாறிடுது. அதனால பெரியவங்களுக்கு அடி பிடிப்பு உள்ள செருப்பு, ஓரமா நாற்காலி, எழுந்தா பிடிக்க ஒரு கை. இந்த மூணும் இல்லாம கூட்டினு போகாதீங்க.

சக்கரை வியாதி உள்ளவங்க வெறுங்காலோட சேத்துல நிக்கவே கூடாது. காலுல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், ஆணி குத்தினாலும் தெரியாது. காலுல புண்ணு இருக்கறவங்க தேங்கின தண்ணியில நிக்காதீங்க, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருது. நனைஞ்ச பிறகு ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா டாக்டர்கிட்ட மழைத் தண்ணியில நின்னதையும் சேத்துச் சொல்லுங்க.

புள்ளைங்க காது இன்னொண்ணு. மழைன்னதும் எல்லாரும் முன்னாடி ஓடறாங்க, ஸ்பீக்கர் அடியிலயே குழந்தைய தூக்கினு நிக்கறாங்க. கச்சேரி நடக்கற எடத்துல சராசரி சத்தம் 100 டெசிபெல்லத் தாண்டக் கூடாதுன்னு 2022-ல உலக சுகாதார நிறுவனம் வரையறை வெச்சிருக்குது. அதுவே பெரியவங்களுக்கான அளவு. சின்னப் புள்ளைங்களுக்கு காது மூடி போடுங்க, ஸ்பீக்கர விட்டுத் தள்ளி நில்லுங்க. மாத்து துணி ஒரு செட்டு பிளாஸ்டிக் பையில கட்டி வண்டியில வெச்சிடுங்க. கச்சேரி முடிஞ்சி ஈரத் துணியோட பைக்ல போறப்பதான் நடுக்கம் வரும்.

குடியாத்தம் பஸ்

குடை பத்தி யாரும் பேசல. குடை எடுத்துனு போகாதீங்க. பல எடத்துல வாசல்லயே வாங்கி வெச்சிடுவாங்க. உள்ள விட்டாலும் பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும், கம்பி கண்ணுல குத்தும். நூறு ரூபாய்க்குள்ள பிளாஸ்டிக் மழைக்கோட்டு கிடைக்குது. ஆளுக்கு ஒண்ணு.

அப்பறம் கூட்டத்துல ஃபோன் சிக்னல் இருக்காது. உள்ள போகும்போதே "பிரிஞ்சா இந்த எடம்"னு ஒண்ண காட்டிடுங்க. வெளியில இருக்கற எடமா காட்டுங்க. பஸ்ல வரவங்க கடைசி வண்டி நேரத்த முன்னாடியே கேட்டு வெச்சிக்கோங்க. பழைய காட்பாடி ரோடு, பாலாத்துப் பாலம் ரெண்டும் மழையில எப்படி அடைச்சிக்கும்னு நான் சொல்ல வேணாம்.

மேடைத்தபலா

வானிலை பத்தி ஒரு விஷயம் விட்டுப் போச்சி. நாங்க இப்பல்லாம் மேடை ஏறறதுக்கு முன்னாடி சென்னை ராடார் படம் பாக்கறோம். வேலூர் அந்த வட்டத்துக்குள்ள விழும். வானிலை மையம் அடுத்த மூணு மணி நேரத்துக்கு மாவட்ட வாரியா எச்சரிக்கை போடறாங்க. 'தாமினி'ன்னு மின்னல் செயலி இருக்குது, புனேல இருக்கற வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் செஞ்சது, நீங்க நிக்கற எடத்த சுத்தி மின்னல் விழுந்தா காட்டும். நடத்தறவங்க குழுவுல ஒருத்தர் இத மட்டும் பாத்துகினு மிக்சர் பக்கத்துல உக்காரணும். அவர் கையில மைக்கு இருக்கணும். வாத்தியார் ஐயா சொன்ன கட்டியங்காரன் அவர்தான்.

கே.வி.குப்பம் மகள்

வணக்கம், புதுசா வந்திருக்கேன். எங்கப்பா சக்கர நாற்காலியில இருக்காரு. வாலிபத்துல எம்.எஸ்.வி. கச்சேரின்னா சைக்கிள்லயே போவாராம். அவருக்கு ஒரு தடவ பெரிய மேடைக் கச்சேரி காட்டணும்னு ஆசை. மார்கழியில ஒண்ணு இருக்கறதா சொல்றாங்க. டிசம்பர்னா மழை இருக்குமே, கூட்டினு போகலாமா? பயமா இருக்கு. கேலி பண்ணாம சொல்லுங்க.

ஆம்பூர் செவிலி

கூட்டினு போம்மா. சேத்துல சக்கரம் இறங்கும், அதனால தரையில பலகையோ பாயோ போட்டிருக்காங்களான்னு முன்னாடியே கேளு. டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி கேளு, அப்பறம் இல்ல. நாற்காலி வெக்கற எடம் வாசலுக்குப் பக்கமா இருக்கணும். கால மூடற மாதிரி பிளாஸ்டிக் போர்வை ஒண்ணு. மாத்திரை உன் பையில, தண்ணி புகாம.

திருவலம் வாத்தியார்

அம்மா, வடகிழக்குப் பருவமழை வேறு, செப்டம்பர் மாலை இடிமழை வேறு. இடிமழை ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விடும். டிசம்பரில் கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் நாள் கணக்கில் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது இரண்டு மூன்று நாள் முன்பே செய்தியில் வந்துவிடும். செய்தி பார்த்து முடிவு செய். தாழ்வு மண்டலம் இல்லாத மார்கழி மாலை நம் ஊரில் மிக இதமாக இருக்கும். அப்பாவுக்குக் கம்பளியும் காதுக்குக் குல்லாவும் எடுத்துக்கொள்.

பாலாற்றங்கரை

அப்பாவ கூட்டினு வாங்க. சக்கர நாற்காலிய தூக்கறதுக்கு தம்பி நண்பர்கள் நாலு பேர் இருக்காங்க, நான் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. எங்கம்மாவும் வராங்க. அவங்க காலத்துப் பாட்டுப் பேச ஆள் கிடைச்சா சந்தோஷப்படுவாங்க. ஆர்கெஸ்ட்ரா அண்ணா சொன்னத எல்லாம் ஒரு கடிதமா எழுதி நடத்தறவங்களுக்கு அனுப்பப் போறேன்: தனி பேட்டரி மைக்கு, ரெண்டு வாசலும் திறந்து வெக்கறது, வெளிய போனா திரும்பி வர முத்திரை, வானிலை பாக்க ஒரு ஆள். வக்கீல் சார், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சித் திருத்தித் தருவீங்களா?

வாலாஜா வக்கீல்

அனுப்புங்க, பாக்கறேன். ஆம்புலன்ஸ் நிக்கற எடம், சக்கர நாற்காலி வர வழி ரெண்டையும் சேருங்க. கையெழுத்து எத்தன பேர் போட்டாலும் நல்லது.

சத்துவாச்சாரி அக்கா

என் பேரையும் போடு தம்பி. மார்கழிக்கு நாங்களும் வரோம், பசங்க இப்பவே நச்சரிக்கறாங்க. ஆனா என் சின்னவன் எண்ணி முப்பதுக்குள்ள இடி கேட்டா அப்பவே கிளம்பிடுவேன், யாரும் என்ன நிக்கச் சொல்லக் கூடாது. அந்தப் பொண்ணோட அப்பாவையும் அப்ப எங்க காருலயே ஏத்திக்கறேன், எடம் இருக்குது.